“சும்மா இருங்கள், அத்தா!”

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வல்ல நாயனைப் போற்றி, அவன் திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி, இச்சிறு பிரசங்கத்தைத் தொடங்குகிறேன். அடியேன் ஆலிமல்லன், கடைக்காரன். மார்க்க விஷயத்தில் என் சொல்லில் பிழை காணின் ஆலிம் பெருமக்கள் பொறுத்தருளித் திருத்துவார்களாக.

தாய் தந்தையரில் ஒருவரோ இருவருமோ முதுமையடைந்து நம்மிடத்தில் இருப்பார்களானால், அவர்களைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் சிறு சொல்லும் நம் வாயிலிருந்து வரலாகாது என்று திருக்குர்ஆனில் பனீ இஸ்ராயீல் சூராவிலே கட்டளை இருப்பதை நாம் யாவரும் அறிவோம். நம் வியாபாரிகளில் பெரும்பாலோர் அதற்கு அஞ்சி நடப்பவர்களே. பெற்றோரை மரியாதையாக நடத்துகிறோம், நல்ல உணவு கொடுக்கிறோம், வைத்தியத்திற்குச் செலவழிக்கிறோம், உம்ராவுக்கு அனுப்பி வைக்கிறோம். ஆயினும் பிரியத்தோடும் மரியாதையோடும் ஒரு சொல்லை நாள் தவறாமல் சொல்லி வருகிறோம். “சும்மா இருங்கள், அத்தா!” என்பதே அச்சொல். அது அவர்கள் நெஞ்சில் எப்படிப் போய் விழுகிறதென்று நாம் சிந்திப்பதில்லை. அதைப்பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவருக்கு ஓய்வு பெறும் வயது உண்டு. தனியார் கம்பெனிகளில் வேலை செய்வோருக்கும் மலேசியாவில் 2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டமாகியிருக்கிறது. கடைக்காரனுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அவன் ஓய்வு பெறும் நாளைக் குறிப்பவன் அவன் மகன். ஒருநாள் கல்லாச் சாவி கைமாறுகிறது. நாற்பது வருஷம் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தவர் மறுநாள் காலை மாடியில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கீழே கடைக்கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. யார் திறக்கிறார்கள், எத்தனை மூட்டை வந்திறங்குகிறது, விலை ஏறிற்றா இறங்கிற்றா, ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று மகன் சொல்லிவிட்டான்.

அப்படிச் சொன்ன மகன்களில் அடியேனும் ஒருவன். என் பிழையை மறைத்துக்கொண்டு பிறருக்கு உபதேசம் செய்வது முறையன்று, ஆகையால் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தா 1961-ம் வருஷம், தமது பன்னிரண்டாம் வயதில், என் பாட்டனாருடன் ரஜுலாக் கப்பலில் பினாங்கு வந்து இறங்கியவர். சாக்குத் தைத்து, மூட்டை தூக்கி, பொட்டலம் மடித்து, பிறகு சொந்தமாய் ஒரு மளிகைக் கடை வைத்தவர். இரண்டு வருஷத்திற்கு முன் கடைப்படியில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டது. அதைச் சாக்காக வைத்துச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். கணினிக் கல்லா வந்தது. கைத்தொலைபேசியைக் காட்டிக் காசு கட்டும் ஏற்பாடு வந்தது. “இனி உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம். சும்மா இருங்கள், அத்தா” என்றேன். ஏதோ பெரிய பிள்ளைக்கடன் தீர்த்துவிட்டதாய் எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

மூன்று மாதம் கழிந்தது. அவருக்குத் தூக்கம் குறைந்தது. சோற்றில் பாதி தட்டில் மிஞ்சியது. அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். இரத்த அழுத்தம் ஏறிற்று. டாக்டர் மாத்திரையை மாற்றினார், பிறகு கூட்டினார். அதற்கும் இறங்கவில்லை. ஒருநாள் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, “பகலெல்லாம் இவர் என்ன செய்கிறார்?” என்று கேட்டார். “ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, டாக்டர்” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, “அதுதான் வியாதியில் பாதி” என்றார்.

அவர் விளக்கிச் சொன்னதன் சாரம் இது: மனத்தில் விசாரம் புகுந்தால் உடம்பில் சில சுரப்பு நீர்கள் கூடுகின்றன; நெஞ்சு வேகமாய் அடிக்கிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறிது நேரத்தில் அது தணிந்துவிட்டால் கெடுதலில்லை. நாள் கணக்காய் நீடித்தால் தூக்கமும் கெடும், இருதயமும் கெடும். வயதானவர்களுக்கு இந்த விசாரம் வேலை அதிகமானதால் வருவதைவிட, தம்மால் யாருக்கும் உபயோகமில்லை என்ற எண்ணத்தால் வருவதைத்தான் தாம் அதிகம் பார்ப்பதாக அவர் சொன்னார். அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டிய 6,985 பேரைப்பற்றி 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியையும் எடுத்துச் சொன்னார். வாழ்க்கையில் தமக்கு ஒரு நோக்கம் உண்டு என்ற உறுதி மிகக் குறைவாக இருந்தவர்களிடையே, அவ்வுறுதி மிக்கவர்களைக் காட்டிலும் மரணம் அதிகமாயிருந்ததாம். அது ஒன்றுதான் காரணம் என்று அவர்கள் முடிவு கட்டிவிடவில்லை. ஆயினும் இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன.

இதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. ஒருநாள் சுப்ஹுக்கு முன் கடைக்குள் விளக்கெரிவதைக் கண்டு திருடனோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தா தராசின் முன் உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டி வைத்திருந்த ஒரு கிலோச் சீனிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாய் எடுத்து மறுபடியும் நிறுத்துக்கொண்டிருந்தார். கடைப்பையன் பார்த்துக்கொண்டிருக்க, “இந்த நேரத்தில் யார் உங்களை இறங்கி வரச் சொன்னது?” என்று சத்தம் போட்டேன். அவர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். “கடையை எடுத்துக்கிட்டே தம்பி, சரி. காலையிலே நான் எதுக்கு எந்திரிக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அன்றைய சுப்ஹுத் தொழுகையில் இமாம் என்ன சூரா ஓதினார் என்பதுகூட என் நினைவில் நிற்கவில்லை.

சகோதரர்களே! அந்தக் கேள்விக்கு மார்க்கத்தில் பதில் இருக்கிறது. ஜின்களையும் மனிதர்களையும் தன்னை வணங்குவதற்காகவே படைத்ததாக அல்லாஹு தஆலா தாரியாத் சூராவில் அறிவித்திருக்கிறான். ஹிஜ்ரு சூராவின் கடைசியிலோ, மவுத்து வரும்வரை அந்த வணக்கம் தொடரவேண்டும் என்ற கருத்து வருகிறது. இவ்வளவு வயதுக்குப் பின் வேண்டாம் என்ற விலக்கு அங்கே இல்லை. ஆகவே மூமினுடைய நோக்கம் கல்லாச் சாவியோடு கைமாறிப் போவதில்லை. அது அவனுடைய ரூஹு உள்ளவரைக்கும் அவனுடையது.

மார்க்கம் முதியவரை வருத்துகிறதோ என்றால், இல்லை. தொழுகையைக் கவனியுங்கள். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழட்டும். அதற்கும் முடியாதவர் விலாப்புறமாய்ப் படுத்துத் தொழட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சலுகை அளித்த ஹதீது புகாரியில் இருக்கிறது. நிலை இலேசாக்கப்பட்டதே தவிர, “உமக்குத் தொழுகையே வேண்டாம்” என்று யாரையும் ஸஃப்பிலிருந்து வெளியே அனுப்பவில்லை. நாமோ அத்தாவின் நிலையை இலேசாக்க நினைத்துத் தொழிலையே பிடுங்கிக்கொண்டோம்.

அந்த வருஷம் துல்ஹஜ் மாதத்தில் எங்கள் பள்ளிவாசல் இமாம் அவர்கள், நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் கஃபாவைக் கட்டிய வரலாற்றைச் சொன்னார்கள். சிறு பிராயம் முதல் கேட்டுவரும் வரலாறுதான். ஆனால் அன்றுதான் என் காதில் விழுந்தது. இப்றாஹீம் நபிக்கு முதுமையில் பிறந்த பிள்ளை இஸ்மாயீல் (அலை) அவர்கள். இருவரும் சேர்ந்து அஸ்திவாரத்தை உயர்த்தினார்கள். மகன் கல் எடுத்துக் கொடுத்தார். தகப்பனார் வாங்கிக் கட்டினார். சுவர் உயர்ந்தது. முதியவரான தகப்பனாருக்குக் கல்லைத் தூக்கி மேலே வைக்கத் தள்ளாமை ஏற்பட்டது. அப்பொழுது அவர் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று கட்டினார். மகன் தொடர்ந்து கல் எடுத்துக் கொடுத்தார். இதுவும் புகாரியில் வரும் வரலாறு. ஹஜ்ஜு செய்தவர்கள் அனைவரும் கண்டு வந்த மகாமு இப்றாஹீம் அந்தக் கல்தான்.

இஸ்மாயீல் நபி வாலிபர், பலசாலி. “இறங்கி உட்காருங்கள், மிச்சத்தை நானே கட்டிவிடுகிறேன்” என்று அவர் சொல்லியிருந்தால் யார் குறை சொல்வார்கள்? அவர் அப்படிச் சொல்லவில்லை. தகப்பனாருக்குப் பலம் குறைந்தபோது காலுக்கடியில் ஒரு கல் வந்ததே தவிர, கைவேலை போகவில்லை. என் அத்தாவுக்கு நான் என்ன செய்தேன்? காலுக்குக் கல் கொடுக்கவில்லை. கையிலிருந்த கல்லை வாங்கிக்கொண்டேன்.

முதியவரே மறுத்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழிகாட்டுதல் உண்டு. உமர் (ரலி) அவர்கள் குஸைமா இப்னு தாபித் (ரலி) அவர்களிடம், உம்முடைய நிலத்தில் ஏன் மரம் நடாமல் இருக்கிறீர் என்று கேட்டார்கள். தாம் கிழவராகிவிட்டதாகவும் நாளைக்கு இறந்துபோகக் கூடியவர் என்றும் அவர் சொன்னார். நட்டே தீரவேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் வற்புறுத்தினார்கள். அதோடு போய்விடவில்லை. தம் தந்தையாருடன் உமர் (ரலி) அவர்களும் தம் கையாலேயே நட்டதைத் தாம் கண்டதாகக் குஸைமாவின் மகனார் அறிவித்திருக்கிறார். அவர்கள் அமீருல் மூமினீன். ஆட்சிப் பொறுப்பு முழுதும் தலைமேல் இருந்தது. “எனக்கு நேரமில்லை” என்று நாம் சொல்லும் சமாதானம் அங்கே எடுபடுமா?

அன்று மாலை அத்தாவிடம் போய் உட்கார்ந்து, “நான் செய்தது பிழை, அத்தா. நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?” என்று கேட்டேன். பெட்டியடியைத் திருப்பிக் கேட்பார் என்றே எண்ணினேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பரணிலே கிடக்கிற 555 நோட்டுக் கட்டுகளை இறக்கிக் கொடு” என்றார்.

555 நோட்டை இந்நாட்டு வியாபாரிகளுக்கு விளக்கவேண்டியதில்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தச் சின்ன நோட்டில்தான் நம் முன்னோர் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் தமிழருக்கும் கடன் எழுதி வியாபாரம் நடத்தினார்கள். பரணில் பதினொரு கட்டுகள் இருந்தன. “நமக்கு வரவேண்டியது இதிலே நிறைய இருக்கு. அது போகட்டும். நாம கொடுக்கவேண்டியதும் இருக்கு. அதை முடிக்காம நான் எப்படிப் போறது?” என்றார் அத்தா. எனக்கு உடம்பு நடுங்கிற்று. கடனோடு இறந்த ஒருவருக்கு, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொள்ளும்வரை நாயகம் (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்த முன்வரவில்லை என்ற ஹதீதை மதரஸாவில் ஓதியவன் நான். அத்தா மாடியில் தூக்கமின்றிப் புரண்டது இந்த விசாரத்தினாலும்தான் என்பது அதுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. மாடியில் ஜன்னலோரம் ஒரு மேஜை, நல்ல வெளிச்சம், பெரிதாய்க் காட்டும் ஒரு கண்ணாடி. அவருக்கு நான் தேடிக்கொடுத்த கல் அவ்வளவுதான். அவர் பெயர் பெயராய்ப் பார்த்து எழுதினார். யார் மவுத்து, யார் ஹயாத்து, பிள்ளைகள் எங்கே என்று பள்ளிவாசலிலும் பழைய கடைகளிலும் விசாரித்தார். ஜார்ஜ் டவுனில் 2000-ம் வருஷத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின் பழைய குடித்தனங்கள் பல சிதறிப்போயின. ஆகையால் ஆயர் ஈத்தாம், குளுகோர், கடல் தாண்டிப் பட்டர்வொர்த் என்று தேடவேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப்பின் வண்டி ஓட்டுவது என் வேலை. பேசுவது அவர் வேலை.

வரவேண்டிய கடனை மன்னித்துவிட்டதாய்ச் சொன்னார். கொடுக்க வேண்டியதைக் கையில் கொடுத்தார். ஊருக்குப் போகும்போது 120 வெள்ளியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வராத ஒரு பெரியவரின் பேரனை இராமநாதபுரம் ஜில்லாவில் கண்டுபிடித்து அனுப்பி வைத்தார். ஒரு சீனக் கிழவரின் மகள், தன் தகப்பனார் பெயரில் இருந்த 38 வெள்ளியைக் கட்டியே தீருவேன் என்றாள். வேண்டாம் என்று அத்தா சொன்னார். “நீங்கள் வாங்காவிட்டால் என் அப்பா கடனாளியாகவே இருப்பார்” என்று அவள் கண்கலங்கினாள். அத்தா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நோட்டை எடுத்து அவள் கண்முன்னே கோடு போட்டார்.

வசதியற்றவனுக்குத் தவணை கொடுக்கவேண்டும், விட்டுக்கொடுத்துவிடுவது அதனினும் மேல் என்பது பகறா சூராவின் போதனை. முன் காலத்தில் ஒரு வியாபாரி, கஷ்டப்படும் கடன்காரனைப் பொறுத்து விட்டுவிடும்படி தன் ஆட்களுக்குச் சொல்லி வந்தான். அதன் பொருட்டு அல்லாஹ்வும் அவனைப் பொறுத்துவிட்டான் என்பது ஹதீது. பெட்டியடியில் உட்கார்ந்து நாற்பது வருஷம் சம்பாதித்ததைவிட இந்த ஒரு வருஷத்துக் கணக்கில் என் அத்தாவுக்கு லாபம் அதிகம் என்று நம்புகிறேன். இன்னும் இரண்டு கட்டுகள் பாக்கி.

இப்பொழுது இரத்த அழுத்தம் அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை; மாத்திரை உண்டு. முழங்கால் வலியும் உண்டு. ஆனால் இரவில் தூங்குகிறார். சாப்பிடுகிறார். கடைக்கு இறங்கி வந்து, சீரகத்தை மூக்கில் வைத்துப் பார்த்து, பழைய சரக்கு என்று என்னைத் திட்டவும் தொடங்கிவிட்டார். அல்ஹம்து லில்லாஹ்!

வாலிபச் சகோதரர்களே! உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பொழுதுபோக்குத் தேடாதீர்கள். ஓர் அமானிதத்தை ஒப்படையுங்கள். அவர் செய்யாவிட்டால் நின்றுபோகும் வேலையாக அது இருக்கட்டும். சரக்கின் தரம் பார்ப்பது, பேரப்பிள்ளைகளுக்கு அலிஃப் பே சொல்லிக் கொடுப்பது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, மையித்து வீட்டுக் காரியங்களை முன்னின்று நடத்துவது, பள்ளிவாசல் கணக்கைச் சரிபார்ப்பது, குடும்பத்தின் வம்ச வழியையும் சொத்து விவரத்தையும் எழுதி வைப்பது, இப்படி எத்தனையோ உண்டு. உட்கார நல்ல நாற்காலி கொடுங்கள். ஏற இறங்க ஆள் கொடுங்கள். வாரத்தில் ஒருவேளையேனும் கூடவே இருந்து கல் எடுத்துக் கொடுங்கள். மறதியோ மனச்சோர்வோ மிஞ்சியிருக்கக் கண்டால் வயதின் குணம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், அதுவும் கடமை.

பெரியவர்களே! உங்களிடமும் ஒரு வார்த்தை. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, நாற்பது வயது மகனைப் பொட்டலம் மடிக்க வைத்திருப்பதும் நியாயமன்று. பெட்டியடி உங்கள் தொழில் நடந்த இடம். நீங்கள் படைக்கப்பட்ட நோக்கம் அதுவன்று. நாயகம் (ஸல்) அவர்களும் வியாபாரம் செய்தவர்கள்தாம். அவர்களுக்கு நுபுவ்வத்து அருளப்பட்டது நாற்பதாம் வயதில்; பெரும் பணி யாவும் அதற்குப் பின்னரே. “நாளைக்குப் போகிறவன்” என்று சொல்லி இன்றைய வேலையை விடாதீர்கள். உங்கள் பரணிலும் ஏதேனும் ஒரு கட்டு இறக்கப்படாமல் இருக்கலாம். மகனைக் கூப்பிட்டு இறக்கித் தரச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோருக்கு ஆபியத்தையும், பயனுள்ள ஹயாத்தையும் தந்தருள்வாயாக! அறியாமல் நாங்கள் அவர்கள் மனத்தை நோகச் செய்ததை மன்னிப்பாயாக! கடன்களைத் தீர்த்து, உன் கலிமாவோடு உன்னிடம் மீளும் பாக்கியத்தை அவர்களுக்கும் எங்களுக்கும் அருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.